வாங்கும் கை: சந்தை ஊர் நெய்க் கடை ஒன்றின் மூன்று தலைமுறை – ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

நான் வரிக் கணக்கு பார்ப்பவன். இங்கே சொல்லப்போகும் குடும்பத்துக்கு 2003 முதல் கணக்கு எழுதி வருகிறேன். நெய், வெண்ணெய், செக்கு எண்ணெய், ஏலக்காய், காபிக்கொட்டை, மலைத்தேன் என்று சுற்று வட்டாரத்தில் யாருக்காவது 'நல்ல சாமான்' வேண்டும் என்றால் தேடிப் போகும் கடை அது. கடையின் பெயரே நாளடைவில் மறைந்து, எல்லோர் வாயிலும் 'நெய்க் கடை' என்று ஆகிவிட்டது.

குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். ஊத்துக்குளிக்கும் காங்கேயத்துக்கும் போய்வரும் தூரத்தில், வாரம் ஒரு நாள் சந்தை கூடுகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி கடை நடத்துபவர்கள், அவர்களுக்குக் கணக்கு பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். என் தவறும் இதில் உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி: கொறங்காடும் எருமையும்

கடையைத் தொடங்கியவர் ஐம்பதுகளின் பின்பாதியில் ஓர் எண்ணெய் மண்டியில் எடுபிடியாக இருந்தவர். சந்தைக்கு வரும் வெண்ணெயை வாங்கி, வீட்டிலேயே உருக்கி, டின்னில் அடைத்து ரயிலேற்றினார். ஊத்துக்குளி, ஈரோடு–கோவை ரயில் பாதையில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வெண்ணெய்க்கும் நெய்க்கும் அப்போதே பேர் உண்டு. இன்றும் 'ஊத்துக்குளி வெண்ணெய்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

அந்தப் பேருக்குக் காரணமாக ஊரில் சொல்வது கொறங்காடு. வானம் பார்த்த மேட்டு நிலத்தில் முள்கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நடுநடுவே வெள்வேல மரத்தை நிற்கவிட்டால் அதுதான் கொறங்காடு. காங்கேயம் மாடும் எருமையும் ஆடும் அதில்தான் மேயும். புல்லின் வாசம் நெய்யில் வரும் என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ, தண்ணீர் கம்மியான அந்தச் சீமையில் வீட்டுக்கு ஓர் எருமையும், தயிர் கடைகிற மத்தும், வாரச் சந்தையும் இருந்ததால்தான் இந்த வியாபாரம் பிறந்தது என்பது நிச்சயம்.

சந்தையில் வெண்ணெய் விற்க வந்தவர்கள் எல்லாம் பெண்கள். வெண்ணெய்க் காசு அவர்கள் கைக்காசு. விற்ற கையோடு உப்பு, புளி, மிளகாய், பிள்ளைகளுக்குப் பொரிகடலை என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெண்ணெய் வாங்கிய இடத்திலேயே மளிகையும் விற்றால் என்ன என்று நிறுவனருக்குத் தோன்றியதில் பிறந்ததுதான் கடை.

வாங்கும் முறை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் தொக்கி நிற்கிறது.

தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிறுவனர் இல்லை, அவர் மனைவி. ஊரே அவரை ஆத்தா என்றது; நானும் அப்படியே சொல்கிறேன். பெண்கள் தண்ணீர் ஊற்றிய போசியில் வெண்ணெயை உருண்டையாகப் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒரு வாரமாகச் சேர்த்த வெண்ணெய் அது. வெளியே நேற்றுக் கடைந்ததும், உள்ளே போன வாரத்ததும் இருக்கலாம். அதனால் ஆத்தா உருண்டையின் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, உருவி, மூக்கருகே கொண்டுபோவார். பிறகு கட்டைவிரலால் அமுக்குவார். பிளந்த இடத்தில் துளித்துளியாக நீர் கசிந்தால், சரியாகப் பிழியாத வெண்ணெய். சந்தேகம் வந்தால் இரும்புக் கரண்டியில் கொஞ்சம் போட்டு அடுப்பில் காட்டுவார். சடசடப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று காதால் கேட்பார். வெண்ணெயில் இருக்கும் நீர் கொதித்துப் போகும் சத்தம்தான் அது. சத்தம் அடங்க நேரமானால் நீர் அதிகம், நெய் குறைவு. கடைந்த வெண்ணெய் ஒரு கிலோ உருக்கினால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நெய் நிற்கும். நீர் கூடினால் அதுவும் நிற்காது.

விலை மூன்று: முதல், நடு, விளக்கு. புளிப்பேறிப் பழசானதை விளக்கு நெய்க்கு எடுப்பார். ஆனால் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். "ஏனம்மிணி, நடுவுல போன வாரத்துது இருக்குதாட்ட இருக்கே? அடுத்த வாட்டி தனித்தனியாக் கொண்டாந்துரு, ரண்டுக்கும் நல்ல வெலை போட்டுத் தாரேன்" என்பாராம். திட்டியிருந்தால் அந்தப் பெண் அடுத்த வாரம் எதிர் வரிசை வியாபாரியிடம் போயிருப்பார். இப்படிச் சொன்னதால் உருண்டைக்குள் பழசை மறைக்கும் வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது.

உருக்குவது மத்தியானம். ஈயம் பூசிய பித்தளை அண்டா, விறகடுப்பு. முதலில் பெரிய நுரை எழும்பி அடங்கும்; பிறகு சத்தம் குறையும்; கடைசியில் பொடிப்பொடியாக இரண்டாம் நுரை கிளம்பும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, கீரை மொறுமொறுத்ததும் அண்டாவை இறக்கிவிட வேண்டும். அடியில் சிவந்திருக்கும் கசண்டைச் சூட்டோடு விட்டுவைத்தால் நெய் கருகும், உடனே வடித்துவிடுவார்கள். வடித்த நெய்யை அசைக்காமல் ஓர் இரவு ஆறவிட்டால்தான் மணல் மணலாக உறையும். அவசரப்பட்டுத் தண்ணீரில் வைத்துக் குளிர்த்தால் மாவு மாதிரி ஆகிவிடும். சுவை மாறாது, ஆனால் வாங்குபவர் முகம் மாறும்.

இத்தனையும் செய்தவருக்குக் கடைக் கணக்கில் சம்பளம் இல்லை. கூட்டு ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. நான் முதல் முறை பேரேட்டைப் புரட்டியபோது ஆத்தா என்று ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

பால் வண்டி வந்த பிறகு

1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1981-ல் கூட்டுறவுப் பால் இணையம் அமைந்தது. ஊர் ஊராகப் பால் சொசைட்டி வந்தது. காலையும் மாலையும் பாலாகவே ஊற்றினால் காசு என்றான பிறகு, பாலை உறையவிட்டு, கடைந்து, ஒரு வாரம் காத்திருக்க யாருக்கு மனசு வரும்? எருமை போய் ஜெர்சிக் கலப்பின மாடு வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் எட்டிய இடங்களில் கொறங்காடு தென்னந்தோப்பு ஆனது.

விவசாயி வீட்டுக்கு இது நல்ல காலம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடைக்கு மட்டும் சரக்கு வரும் வழி அடைபட்டது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் வெண்ணெய் வியாபாரிகள். இயந்திரத்தில் பாலைச் சுழற்றி ஏடு பிரித்து, அதிலிருந்து எடுத்த கிரீம் வெண்ணெயைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதுவும் நல்ல வெண்ணெய்தான். தயிர் கடைந்த வெண்ணெயின் இளம்புளிப்பு வாசம் மட்டும் அதில் இருக்காது.

நிறுவனர் தொண்ணூறுகளில் காலமானார். இரண்டு மகன்கள் பொறுப்பேற்றார்கள். மூத்தவர் கடையைப் பார்த்தார். இளையவர் டின் வியாபாரத்தை, அதாவது கோவை, திருப்பூர்ப் பலகாரக் கடைகளுக்கு 15 கிலோ டின்னாக அனுப்புவதைப் பார்த்தார். ஆத்தா தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

கணக்கில் தெரிந்ததும் தெரியாமல் போனதும்

2003-ல் கொள்முதல் பேரேட்டில் இரண்டு தலைப்புகள் இருந்தன: சந்தை, வியாபாரி. அப்போது வெண்ணெயில் பாதிக்குச் சற்று மேல் சந்தையிலிருந்து வந்தது. 2009-ல் ஆத்தாவுக்கு முழங்கால் போனது. தரையில் உட்கார முடியவில்லை. தராசுக்குக் கடைப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்தது எடை. கம்பியும் கரண்டியும் பரண் ஏறின. மூன்று விலை ஒரே விலை ஆனது.

ஒரே விலை என்றால் என்ன நடக்கும்? நல்ல வெண்ணெய் கொண்டுவந்தவள் "அவளுக்கும் இதே காசுதானா" என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டாள். சுமாராகக் கொண்டுவந்தவள் தொடர்ந்து வந்தாள். 2015-ல் சந்தைத் தலைப்பு எட்டில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது.

இதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. சந்தைக் கொள்முதல் என்றால் சிட்டை கிடையாது, கைநாட்டு, சில்லறை ரொக்கம், தணிக்கையில் நூறு கேள்வி. வியாபாரி என்றால் பில்லோடு வருவார். "இப்பத்தான் கணக்கு சுத்தமா இருக்குதுங்க" என்று மூத்தவரிடம் நானே சொன்னது நினைவிருக்கிறது. கடையின் முதலே அந்த அசுத்தமான தலைப்பில்தான் இருந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

திரும்பி வந்த 40 டின்

2016 தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, இளையவர் அனுப்பிய 40 டின் நெய்யை ஒரு பலகாரக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். 600 கிலோ. கூடவே ஓர் ஆய்வகத் தாள். அதில் ஆர்.எம். எண் குறைவாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக: ரீச்சர்ட்–மெய்சல் எண் என்பது நெய்யில் ஆவியாகக்கூடிய, நீரில் கரையக்கூடிய சின்னக் கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டுவது. அவற்றில் முக்கியமானது பியூட்டிரிக் அமிலம். பால் கொழுப்பில்தான் இது இருக்கும், பாமாயிலில் இல்லை. அக்மார்க் சிறப்புத் தர நெய்க்கு இந்த எண் 28-க்குக் குறையக் கூடாது. எண் இறங்கினால் வேறு கொழுப்பு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள்.

ஆனால் 'இருக்கலாம்' என்பதற்கு மேல் அந்த எண்ணால் சொல்ல முடியாது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பருத்திப் பிண்ணாக்கும் நிறையப் போட்டால், கலப்படமே இல்லாத நெய்யிலும் இந்த எண் இறங்கும். அதனால்தான் பருத்திச் சீமை நெய்க்கு அக்மார்க் விதியே தனியாகக் குறைந்த அளவு வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது பழைய வழக்கம். மூத்தவர் இதைப் பிடித்துக்கொண்டார். "நம்ம நெய்யில ஒண்ணுமில்ல, தீனிதான் காரணம்" என்றார். இளையவர், "தீனி போன வருசமும் இதேதானே? அப்ப ஏன் டின் திரும்பி வரல?" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது.

ஆய்வகம் பௌடோயின் சோதனையும் செய்திருந்தது. வனஸ்பதியில் 5% நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசாங்க விதி உண்டு. நெய்யில் வனஸ்பதி கலந்தால் அந்த நல்லெண்ணெய், அமிலத்தோடும் ஃபர்ஃபியூராலோடும் சேர்ந்து சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நெய் சிவக்கவில்லை. அதனால் வனஸ்பதி இல்லை என்று ஆயிற்று. சுத்திகரித்த பாமாயிலைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், எந்த வெண்ணெய் எந்த டின்னில் போனது என்று யாருக்கும் தெரியாது. சந்தை வெண்ணெய், மூன்று வியாபாரிகளின் வெண்ணெய் எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்து உருகியிருந்தன.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் முடிவு மறுபேச்சில்லாமல் எடுத்தது: 40 டின்னையும் வேறு கடைக்குத் தள்ளிவிடக் கூடாது. "சில்லறையில் போட்டா ஒரே வாரத்துல தீந்துரும்" என்று ஒரு யோசனை வந்தது. யார் சொன்னது என்று எழுத வேண்டாம். பொறியியல் படித்துவிட்டு அந்த வருடம்தான் கடைக்கு வந்திருந்த பேரன் அதைத் தடுத்தான். டின்களைத் தனி அறையில் பூட்டினார்கள். பிறகு சோப்புக்குப் போனது. நட்டம் அந்த வருட லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றது.

இரண்டாவது, வரும் வெண்ணெயைத் தனித்தனியாக உருக்கிப் பார்ப்பது. மூன்று வியாபாரிகளின் சரக்கு மூன்று சட்டியில், சந்தை வெண்ணெய் நான்காவது சட்டியில். நான்கையும் கோவையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் பேரன் ஒரு வேலை செய்தான். நான்கு சட்டியிலிருந்தும் கரண்டி கரண்டியாக எடுத்து, எது எது என்று சொல்லாமல் ஆத்தா முன்னால் வைத்தான். ஆத்தாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. மூத்த மருமகளும் பக்கத்தில் இருந்தார்.

சந்தை நெய் எது என்று இரண்டு பேரும் ஒரே நொடியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வியாபாரியின் நெய்யை ஆத்தா நாக்கில் வைத்துவிட்டு, "இது வாயில ஒட்டுது" என்று தள்ளினார். மருமகளும் அதையேதான் சொன்னார். மீதி இரண்டும் பரவாயில்லை என்றார்கள்.

ஆய்வகத் தாள் வந்தபோது, வாயில் ஒட்டிய நெய்யின் எண்தான் நான்கில் மிகக் கீழே. ஆனால் ஆத்தா பரவாயில்லை என்ற இரண்டில் ஒன்றும் அளவுக்குக் கீழே இருந்தது. சந்தை நெய் அளவைத் தாண்டியிருந்தது, மயிரிழையில். ஆக மூத்தவரின் தீனிக் கணக்கும் கொஞ்சம் உண்மை, இளையவரின் சந்தேகமும் உண்மை.

இந்த இடத்தில் குடும்பத்தில் ஒரு கதை உருவாகிவிட்டது: 'ஆத்தா மூக்கு ஆய்வகத்தைத் தோற்கடித்தது' என்று. நான் பார்த்தது அப்படி இல்லை. பழசு, புளிப்பு, நீர், கருகல் இவற்றை மூக்கும் நாக்கும் உடனே பிடிக்கின்றன. வாசம் நீக்கிய எண்ணெயைக் கொஞ்சமாக, பக்குவமாகக் கலந்தால் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. அதற்குத் தாள் வேண்டும். அதே நேரம், வாரா வாரம் வரும் நாற்பது உருண்டைக்கும் ஆய்வகக் கட்டணம் கட்டினால் கடை தாங்காது. இரண்டும் வேண்டும் என்றுதான் பேரன் வாதாடினான்.

அன்றைக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூத்த மருமகள். அவருக்கு இதெல்லாம் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. இருபத்தைந்து வருடம் ஆத்தாவுக்குப் பக்கத்தில் அண்டா கிண்டியவர். 2009-ல் ஆத்தா எழுந்தபோது அந்த இடத்தில் உட்கார வைத்திருக்க வேண்டியவர் அவர்தான். "கடைல பொம்பளை உக்கார்றதா" என்று மூத்தவர் அப்போது மறுத்தாராம். நாற்பது வருடம் அங்கே உட்கார்ந்தது யார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாவது முடிவு அதுதான். மருமகள் தராசுக்கு உட்கார்ந்தார். மூன்று விலை திரும்பி வந்தது. எந்த நாள், எந்த ஊர் வெண்ணெய் என்று எழுதி, உருக்கிய ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு சீசா எடுத்து வைப்பது என்று பேரன் சேர்த்தான். இரண்டு வியாபாரிகளை நிறுத்தினார்கள்.

பிறகு நடந்தவை

மருமகள் உட்கார்ந்த இரண்டாவது சந்தை முடிந்திருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வெண்ணெய் கொண்டுவரும் பெண்களுக்குக் கொடுக்க ரொக்கம் இல்லை. வங்கிக் கணக்கில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பல வீடுகளில் கணக்கு கணவர் பெயரில். அப்படிப் போட்ட மூன்று பேர் அடுத்த மாதம் வெண்ணெய் கொண்டுவரவில்லை. மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், தொகையை எழுதித் தாம் கையெழுத்திட்ட சீட்டுகளைக் கொடுக்கத் தொடங்கினார். அதைக் காட்டிக் கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம், நோட்டு வந்ததும் காசாகவும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் பெண்கள் நிற்கவில்லை. நின்றவர்களில் இரண்டு பேர் தை மாதம் திரும்பினார்கள்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. வெண்ணெய்க்கும் நெய்க்கும் 12%. இதில் ஒரு முள் இருந்தது. பதிவு பெற்ற வியாபாரியிடம் வெண்ணெய் வாங்கினால் அவர் போட்ட வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத விவசாயி வீட்டுப் பெண்ணிடம் வாங்கினால் கழிக்க ஒன்றும் இல்லை. விற்பனைக்கான 12% முழுவதும் கடையின் தலையில். நல்ல சரக்கு வாங்கினால் அபராதம் என்பது மாதிரி ஆனது. இளையவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டி, வியாபாரிகளிடம் திரும்பிப் போகலாம், ஆனால் ஆய்வகத் தாளோடு வாங்கலாம் என்றார். நியாயமான யோசனைதான் அது.

ஒரு வருடம் இழுபறி. 2018-ன் கடைசியில் அண்ணன் தம்பி பிரிந்தார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. ஆத்தா முன்னால் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டார்கள். டின் வியாபாரம், வேன், பலகாரக் கடை வாடிக்கை எல்லாம் இளையவருக்கு. கடையும் அண்டாவும் மூத்தவருக்கு. மூத்தவரின் புதிய கூட்டு ஒப்பந்தத்தை நான் எழுதினேன். அதில் மருமகள் பெயர் பங்குதாரராக இருக்கிறது.

டின் போன பிறகு கடையின் விற்றுமுதல் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தச் சுருக்கமே ஒரு வழியைத் திறந்தது. ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிகளுக்கென்று காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டம் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் அதற்கான விற்றுமுதல் வரம்பு ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்ந்தது. அதில் சேர்ந்தால் விற்றுமுதலில் 1% கட்டினால் போதும். உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. ஆனால் நாங்கள் கழிக்க ஒன்றுமில்லாமல்தானே இருந்தோம்! அந்த ஆண்டே சேர்ந்தோம்.

சேர்ந்ததற்கு ஒரு விலையும் உண்டு. இந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. பெங்களூரில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் மாதம் தோறும் பார்சல் கேட்டார்கள்; முடியாது என்றோம். பேரனுக்கு அது பெரிய வருத்தம். ஊருக்கு வரும்போது கடைக்கு வந்து வாங்கிப் போகிறார்கள்.

பேரன் வேறு ஒரு விஷயத்திலும் தோற்றான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த பிறகு நாட்டு மாடு என்ற சொல்லுக்குத் தனி மவுசு வந்தது. காங்கேயம் மாட்டுச் சீமையில் இருந்துகொண்டு 'நாட்டு மாட்டு நெய்' என்று சீசாவில் அச்சடிக்காமல் இருப்பதா என்றான். மருமகள் ஒரே கேள்விதான் கேட்டார்: "வர்றது முக்காவாசி எருமை வெண்ணெய். எருமையும் நாட்டு மாடுதானா கண்ணு?" எருமை நெய் வெள்ளையாக இருக்கும். மஞ்சளாக இல்லையே என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இன்றுவரை தினமும் இரண்டு பேருக்காவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சீசாவில் 'எருமை நெய்' என்றே இருக்கிறது.

2020 மார்ச் ஊரடங்கில் சந்தை மூடியது. பலகாரக் கடைகளும் டீக்கடைகளும் மூடியதால் பாலுக்குக் கேட்பு விழுந்து, சில வீடுகளில் மத்து மறுபடியும் சுற்றத் தொடங்கியது. பேரன் பைக்கில் பத்து ஊர் சுற்றி வெண்ணெய் எடுத்தான். சந்தை திறந்த பிறகும் நடக்க முடியாத நான்கைந்து கிழவிகளுக்காக அந்தச் சுற்று நிற்கவில்லை.

ஆத்தா 2021-ல் போய்ச் சேர்ந்தார்.

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் பற்றிய செய்திகள் வந்தபோது கடைக்குத் திடீரென்று கூட்டம். 'தாள் இருக்குதா' என்று கேட்டார்கள். இருந்தது. ஆனால் கொடுக்க நெய் போதவில்லை. இளையவரின் டின் வியாபாரம் இப்போது அண்ணன் கடையைப் போலப் பல மடங்கு. அவரும் ஒவ்வொரு வரவுக்கும் ஆய்வகத் தாள் பார்க்கிறார். 2016-க்குப் பிறகு அவருக்கு ஒரு டின்கூடத் திரும்பி வரவில்லை. எந்த வழி சரி என்று என்னைக் கேட்டால், இரண்டு பேரும் வரி ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஒவ்வொரு வரவையும் தனியாக உருக்கி, சீசா எடுத்து வைத்த பிறகுதான் கலந்திருக்க வேண்டும். ஒரு சீசா வைக்க ஆகும் செலவு சில ரூபாய். அது இல்லாததால் 600 கிலோவும் போனது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வியாபாரி வெண்ணெயை முதல் நாளே ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். உரிம நிபந்தனைப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யும் சோதனைக்குக் கடையில் இருந்ததிலேயே நல்ல நெய்யை எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாள் எப்போதும் நன்றாகத்தான் வந்தது.

2009-ல் தராசுக்கு யார் உட்காருவது என்பதை ஓர் ஆள் பற்றாக்குறையாகப் பார்த்ததுதான் அடிப்படைப் பிழை என்று நினைக்கிறேன். கடைப் பையனின் சம்பளம் பேரேட்டில் வந்தது. ஆத்தா செய்த வேலைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் அது நின்றபோது கணக்கில் எதுவும் குறையவில்லை. பார்க்கப்போனால் லாபம் கூடித்தான் இருந்தது. குடும்பக் கடைகளுக்குக் கணக்கு எழுதப் போனால், இப்போதெல்லாம் வாங்குவது யார், அவருக்குப் பிறகு யார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

காம்போசிஷன் பற்றி மட்டும் எனக்கு இன்னும் இரண்டு மனசு. 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கும் நெய்க்கும் வரி 12-லிருந்து 5% ஆகிவிட்டது. பழைய முறைக்கே திரும்பி, வெளி மாநிலத்துக்கும் அனுப்பலாமா என்று பேரன் மறுபடி ஆரம்பித்திருக்கிறான். கணக்கு போட்டுக் கொடுத்தேன். வரி தாங்கும். வெண்ணெய் தாங்குமா என்று மருமகளிடம்தான் கேட்க வேண்டும். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மழைக் காலம் முடிந்து பால் வற்றத் தொடங்கினால், பங்குனி வாக்கில் கடையில் நெய் தீர்ந்துவிடும். 'நெய் இல்லை' என்று ஒரு சின்னப் பலகை மாட்டுவார்கள். மூத்தவருக்கு அது பிடிக்காது. நெய்க் கடையில் அப்படி ஒரு பலகையா என்பார். போன வருடம் நான் கணக்கு முடிக்கப் போனபோது பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மருமகள் வந்து, ஒன்றும் சொல்லாமல், நேராகத் திருப்பிவிட்டுப் போனார்.